மூன்றாவது ராஜா கொண்டுவந்த பலகாரம்

சேட்டுவின் மகன் கவினுக்கு வீட்டில் வாய் மூடாது, பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காது. எருமைக்கு ஏன் மீசை இல்லை, நாம் தூங்கும்போது மோட்டார் கொட்டகைப் பல்லி என்ன செய்கிறது என்று அப்பனைச் சோற்றில் கைவைக்க விடாமல் துளைக்கிற பிள்ளை, யு.கே.ஜி. வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சையும் கழற்றி வைத்துவிடுவான். சாயங்காலம் இரண்டையும் மாட்டிக்கொண்டு வருவான். ஒன்றுக்கு வருகிறது என்று மிஸ்ஸிடம் சொல்வதற்குக்கூட மூன்றாம் வகுப்பிலிருந்து அவன் அக்காவைக் கூப்பிட்டனுப்ப வேண்டியிருந்தது. அவள் வந்து தம்பியின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணுக்கு மிஸ்" என்றோ "ரெண்டுக்கு மிஸ்" என்றோ தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவாள்.

அக்காவின் பெயர் யாழினி. சேட்டு ஆசைப்பட்டு வைத்த பெயர். வைத்த பிறகுதான் அந்தத் தெருவில் ஒருவருக்கும் 'ழ' வராது என்பது நினைவுக்கு வந்தது. யாளினி என்றே வளர்ந்தாள்.

மகனுடைய ஊமைத்தனம் தன்னிடமிருந்து வந்ததுதான் என்பதில் சேட்டுவுக்குச் சந்தேகமே இல்லை. மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் உண்டு. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பான், பாதி வழி போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பான். எந்த வேலையையும் வரிசைப்படிதான் செய்வான்; செய்து முடித்ததும் வரிசை தப்பிவிட்டதோ என்று முதலிலிருந்து யோசிப்பான். ஒருமுறை கிராம சபைக் கூட்டத்தில் ஏரிக் கால்வாய் தூர்ந்துபோனதைப் பற்றிப் பேச வேண்டும் என்று, பேசவேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு எழுந்து நின்றான். "ஐயா" என்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து டீக்கடையில் அவன் பெயர் 'ஐயா சேட்டு'.

பிள்ளைகள் படித்தது உத்திரமேரூர் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி. டிசம்பர் பிறந்தால் அங்கே கிறிஸ்து பிறப்புக் குடில் நாடகம் உண்டு. போன வருஷம் மாதா வேஷம் யாருக்கு என்பதில் இரண்டு அம்மாக்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டதால், இந்த வருஷம் யு.கே.ஜி.யின் பாக்கியமேரி மிஸ் ஒரு முடிவுக்கு வந்தார். குடவோலைக் கல்வெட்டு இருக்கிற ஊரில் வேலை பார்த்துக்கொண்டு எதற்கு இந்தச் சண்டை? பெயர்களைச் சீட்டில் எழுதினார், குடத்தில் போட்டுக் குலுக்கினார், எல்.கே.ஜி.யிலேயே மிகச் சின்னக் குழந்தையைத் தூக்கி வந்து எடுக்கச் சொன்னார். குடத்திலிருந்து வந்த சீட்டுக்கு அப்பீல் கிடையாது என்று பள்ளியின் தலைமை சிஸ்டரான மதரும் அறிவித்துவிட்டார்.

நன்றாகப் பேசுகிற பையன் ஒருவன் மாட்டு வேஷத்தின் பின்பாதியானான். கவின் மூன்றாவது ராஜாவானான். அந்த ராஜாவுக்கு ஒரு வசனம் இருந்தது.

அன்று சாயங்காலம் பாக்கியமேரி மிஸ் சேட்டுவை நிறுத்தி வைத்துப் பேசினார்.

"கவின் அப்பா, சீட்டு விழுந்துடுச்சு, இனிமே மாத்த முடியாது. ஒரே ஒரு வரிதான். அதையாவது அவன் சொல்லணும். மதர் கேட்டுக்கிட்டே இருக்காங்க. பேசாத புள்ளைய ஒண்ணாங்கிளாசுக்கு எப்படி அனுப்புறது, இன்னொரு வருஷம் யு.கே.ஜி.யிலயே இருக்கட்டும்ங்கிறாங்க. வீட்டுல பேசுவானா?"

சேட்டு தலையை ஆட்டினான்.

"நல்லா பேசுவானா?"

இன்னும் பலமாக ஆட்டினான்.

"நீங்களும் கொஞ்சம் பேசலாம்" என்றார் மிஸ்.

இரண்டு நாள் கழித்து வகுப்பு வாட்ஸப் குழுவில் மிஸ்ஸின் குரல் செய்தி வந்தது. சேட்டு மாட்டுக் கொட்டகையில் நின்று கேட்டான். தகரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. போதாததற்கு மிஸ் வகுப்பறையில் நின்று பேசியிருந்தார். "முதல் ராஜா பொன், ரெண்டாவது ராஜா சாம்பிராணி, மூணாவது ராஜா வெள்ளைப்போ..." என்ற இடத்தில் ஏதோ ஒரு குழந்தை காதைக் கிழிக்கிற மாதிரி கத்தியது. பிறகு, "டப்பாவுல வெச்சு, ஜிகினா பேப்பர் சுத்தி, அழகா அனுப்புங்க" என்று முடிந்தது. மழை விட்டதும் மறுபடி மறுபடி கேட்டான். ஒவ்வொரு முறையும் அந்தக் குழந்தை அதே இடத்தில் தவறாமல் கத்தியது.

"கவினு, நீ இன்னாடா எடுத்துக்கினு போவணும்?"

"வெள்ளப் போளி நைனா" என்றான் கவின்.

"போளியா?"

"போளிதான் நைனா" என்றாள் யாழினி. "மிஸ் சொல்லிக்கினு இருந்தாங்க, நான் ஜன்னல் வழியா கேட்டேன்."

ராத்திரி அவன் மனைவி கீர்த்தி ஒரகடம் கம்பெனியிலிருந்து ஷிஃப்டு முடிந்து வந்தாள். கை கழுவுவதற்குள் சேட்டு விஷயத்தைச் சொன்னான்.

"ராஜா போயி போளி குடுப்பாரா மாமா?" என்றாள் அவள்.

"கொயந்த பொறந்த வூட்டுக்குப் போறாங்க கீர்த்தி. வரிசையா பாரு. மொத ராஜா பொன்னு. மோதிரமோ காப்போ போடுவாரு போல. ரெண்டாவது ராஜா சாம்பிராணி. கொயந்தைக்குத் தலைக்கு ஊத்துனா பொக போட வேணாமா? மூணாவது ராஜா பலகாரம். எல்லாம் சரியாத்தான கீது?"

கீர்த்தி யோசித்தாள். அவளுக்கும் சரியாகத்தான் பட்டது. ஒரு விஷயம்தான் இடித்தது.

"பெத்தவ பத்தியத்துல இருப்பாளே. கடலப்பருப்பு வாயு. ஆவாதே அவளுக்கு."

"அப்ப தேங்கா போட்டுடலாம்."

"வெள்ள எதுக்காம்?"

இதையும் சேட்டு யோசித்து வைத்திருந்தான். "அவங்க கல்யாணத்துக்கே வெள்ளதான கட்றாங்க. விசேஷம்னா மஞ்ச சேத்துக்க மாட்டாங்க போல."

இருந்தாலும் மிஸ்ஸை ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நல்லது என்று தோன்றியது. 'மிஸ், வெள்ளைப் போளி எத்தனை வேண்டும்' என்று குழுவில் தட்டினான். குழுவில் இருக்கிற அத்தனை அம்மாக்களும் இதைப் படிப்பார்கள் என்று நினைத்தான். 'எத்தனை' என்பதை அழித்தான். 'மிஸ்' மட்டும் மிஞ்சுகிறவரை அழித்தான். கடைசியில் கும்பிடுகிற கை படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் படுத்தான். பதிலுக்கு மிஸ்ஸும் ஒரு கும்பிடு அனுப்பினார். அதோடு அந்த விசாரணை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கீர்த்திக்கு ஓவர்டைம். சேட்டு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் இறங்கினான். மைதாவை மஞ்சள் இல்லாமல் பிசைந்தான். தேங்காயைத் துருவி, வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை போட்டுக் கிளறினான். இலையில் எண்ணெய் தடவித் தட்டினான். இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கல்லில் போட்டதும்தான் வில்லங்கம் தெரிந்தது. வேகாவிட்டால் வெள்ளை, வெந்தால் பழுப்பு.

"இது புள்ளி புள்ளியா கீது" என்றான் கவின். "ராஜா இத எடுத்துக்கினு போ மாட்டாரு."

அதை யாழினி தின்றாள்.

"இது ஓரத்துல கறுப்பு கீது."

அதையும் யாழினி தின்றாள். அடுத்தது நடுவில் வேகாமல் மாவாக இருந்தது. அதைக் கோழிக்குப் போட்டார்கள்.

பக்கத்து வீட்டு மங்கம்மா தயிர் உறை கேட்க வந்தவள், வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னா சேட்டு, போகிக்கு இப்பவே சுடுறியா?"

"கிறிஸ்மசுக்கு" என்றான் சேட்டு.

ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள் அவள். "மஞ்ச போட மறந்துட்ட. பாரு, மூஞ்சி கழுவாத மாதிரி கீது."

"அப்பிடித்தான் இருக்கணுமாம்."

"ஆருக்கு?"

"கொயந்த பெத்தவங்களுக்கு."

மங்கம்மா கீர்த்தியின் வயிற்றைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, உறையை மறந்து, அந்தச் செய்தியோடு வேகமாக அடுத்த வீட்டுக்குப் போனாள். அதைச் சரிசெய்யக் கீர்த்திக்கு ஒரு வாரம் பிடித்தது.

சாயங்காலத்துக்குள் சேட்டுவுக்குக் கை பழகிவிட்டது. தணலைக் குறைத்து, நெய்யைத் தொட்டுத் தொட்டு, பொறுமையாகத் திருப்பினால் வெந்தும் வெள்ளையாக வந்தது.

ஒத்திகை கொட்டகையில் நடந்தது. பசு, இரண்டு ஆடு, யாழினி ஆகியோர் முன்னிலையில் கவின் கவிழ்த்த அன்னக்கூடைமேல் ஏறி நின்று, "நான் வெள்ளைப் போளி கொண்டு வந்தேன்" என்று முழங்குவான். ஆடுகள் மிரண்டு கயிற்றை இழுக்கும். பள்ளியிலோ உதடு மட்டும் அசைந்தது. "உதடு அசையுது கவின் அப்பா" என்று பாக்கியமேரி மிஸ் அதையே பெரிய சந்தோஷமாகச் சொன்னார். என்ன சொல்லி அசைகிறது என்று அவருக்கும் கேட்கவில்லை.

விழா, அரையாண்டு லீவு விடுகிற அன்று காலையில். கீர்த்தி பெர்மிஷன் போட்டிருந்தாள். விடிகிறதற்குள் சேட்டு போளி சுட்டு, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, ஜிகினா பேப்பர் சுற்றினான். கவினுக்குக் கீர்த்தியின் கூறைப்புடவை மேலங்கியாயிற்று. கண்மையில் முறுக்கு மீசை வைத்தார்கள்.

பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தது. சேட்டு, நாற்காலியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுப்பார் என்று கடைசியில் போய் நின்றுகொண்டான். பக்கத்தில் பிள்ளைகளை ஏற்றி வருகிற ஆட்டோக்காரர் பஞ்சாட்சரம் நின்றிருந்தார். மேடையில் வைக்கோல் போட்ட குடில். தொட்டிலில் பொம்மைக் குழந்தை. அதன் பக்கத்தில் மைக். தம்பிக்காகப் பேசிவிடக் கூடாது என்பதற்காக யாழினியைப் பாட்டுக்குழுவில் சேர்த்து, மேடையின் அந்தக் கோடியில் நிறுத்தியிருந்தார் மிஸ்.

ராஜாக்கள் வந்தார்கள். முதல் ராஜா, "நான் பொன் கொண்டு வந்தேன்" என்றான். கைதட்டினார்கள். இரண்டாவது ராஜா, "நான் சாம்பிராணி கொண்டு வந்தேன்" என்றான். கைதட்டினார்கள். கவின் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். டப்பாவிலிருந்து நெய் வாசம் கிளம்பியிருக்க வேண்டும். மாட்டின் முன்பாதி அவன் பக்கம் மெதுவாகத் திரும்பியது.

கவின் பேசவில்லை. கீர்த்தி முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டாள். திரைக்குப் பின்னாலிருந்து பாக்கியமேரி மிஸ் எடுத்துக் கொடுத்தார். ரகசியமாகத்தான் சொன்னார். மைக் அதைப் பிடித்துப் பந்தல் முழுக்கச் சொன்னது.

"வெள்ளைப்போளம். சொல்லு ராஜா. நான் வெள்ளைப்போளம் கொண்டு வந்தேன்."

சேட்டு சட்டென்று திரும்பினான். பஞ்சாட்சரத்தின் தோளைத் தட்டினான்.

"அண்ணே, இன்னா சொல்றாங்க? போளமா?"

"போளம்தாம்ப்பா. அவங்க வேதத்துல வரும்."

"போளம்னா இன்னாண்ணே?"

பஞ்சாட்சரம் சற்று யோசித்தார். "போளம்னா... போளம்தான்."

"போளி இல்லியா?"

"போளி எப்பிடிப்பா வரும்?" என்று கேட்டுவிட்டுப் பஞ்சாட்சரம் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

மேடையில் மிஸ் மறுபடியும், "போளம்... வெள்ளைப்போளம்..." என்றார். கவின் திரையின் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் பயம் இல்லை. பெரியவர்கள் இப்படித் தப்பாகச் சொன்னால் எப்படி என்கிற கவலைதான் இருந்தது.

"போளம் இல்ல மிஸ்" என்றான் மைக்கில். "போளி."

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவன் பேசிய முதல் வார்த்தைகள் அவை. பந்தல் மொத்தமும் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. பிள்ளையைப் பெற்றவர்கள் சிரிக்கிற சிரிப்புதான். ஆனால் மேடையில் நிற்கிறவனுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? மீசைக்குக் கீழே கவினின் உதடு பிதுங்க ஆரம்பித்தது. டப்பா கீழே இறங்கியது. யாழினி வரிசையை விட்டு ஒரு காலை எடுத்து வைத்தாள், பக்கத்தில் நின்ற சிஸ்டர் அவள் சடையைப் பிடித்து நிறுத்தினார்.

அடுத்து என்ன நடக்கும் என்பது அந்தப் பந்தலில் சேட்டு ஒருவனுக்குத்தான் தெரியும். வாய் மூடிக்கொள்ளும். அதன் பிறகு லேசில் திறக்காது. யு.கே.ஜி. அல்ல, எந்த வகுப்பில் போட்டாலும் திறக்காது.

"போளிதான் மிஸ்" என்று ஒரு குரல் கேட்டது.

யார் இப்படிக் கத்துகிறார்கள் என்று சேட்டுவும் திரும்பிப் பார்க்கத்தான் போனான். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்ட பிறகுதான் விளங்கியது. உடனே உட்காரப் பார்த்தான். நின்ற இடத்தில் நாற்காலி இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"போளிதான். நான்தான் பண்ணேன். புள்ள மேல தப்பு இல்ல. நான்தான் தப்பா... இல்ல, தப்பே இல்ல. பெத்தவங்களுக்கு ஆவணுமேன்னு பருப்பு போடாம, தேங்கா போட்டுப் பண்ணது. இன்னும் சூடாத்தான் கீது." மூச்சு வாங்கியது. இன்னும் ஏதோ பாக்கி இருப்பது போலத் தோன்றியது. "நீ சொல்றா கவினு."

கவின் கடைசி வரிசைவரை எட்டிப் பார்த்தான். அப்பனைக் கண்டுபிடித்தான். டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கினான்.

"நான் வெள்ளைப் போளி கொண்டு வந்தேன்" என்று முழங்கினான். ஆடாக வந்திருந்த பிள்ளைகள் இரண்டும் நிஜ ஆடு மாதிரியே மிரண்டன. கைதட்டல் ஓய்வதற்குள் அவன் தொடர்ந்தான். "எங்க நைனா சுட்டாரு. மொதல்ல கருகிப்போச்சு. அத்த எங்கக்கா துன்னுட்டா. அப்புறம் மாவாட்டம் வந்துச்சு, அத்த கோழி துன்னுச்சு."

"நான் ரெண்டுதான் துன்னேன்" என்று கோடியிலிருந்து யாழினி சொன்னாள்.

கவின் பேப்பரைக் கிழித்து டப்பாவைத் திறந்து தொட்டில்மேல் வைத்தான். மாதாவாக இருந்த சிறுமிக்குக் குழப்பமாகிவிட்டது. நாடகத்தில் இந்த இடத்தில் டப்பா திறக்காது.

"பாப்பாக்குப் பல்லு இல்ல" என்றாள் அவள்.

"உனுக்குக் கீதுல்ல? நீ துன்னு. வாயு இல்ல, ஒண்ணும் ஆவாது."

மாதா தின்றாள். சூசையப்பர் கையை நீட்டினார். தேவதூதர்கள் இறக்கையோடு ஓடி வந்தார்கள். மாட்டின் பின்பாதி, "எனுக்கு எனுக்கு" என்று உள்ளிருந்து முட்டி மோதிக்கொண்டு வெளியே வந்தது. நட்சத்திரத்தைப் பிடித்திருந்த பையன் அதை வைக்கோலில் போட்டுவிட்டு வந்தான். பாட்டுக்குழு பாடுவதா வேண்டாமா என்று பார்த்தது. சிஸ்டர் பாடச் சொல்லிக் கை காட்டினார். அந்தப் பாட்டுக்கு நடுவிலும், பொம்மைப் பாப்பா ஏன் கண்ணைச் சிமிட்டவில்லை, ராஜாக்களின் ஒட்டகத்தை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று கவின் மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தான். அவனைக் கீழே இறக்க இரண்டு மிஸ்கள் தேவைப்பட்டார்கள்.

எல்லாம் முடிந்து, பாக்கியமேரி மிஸ் காலி டப்பாவோடு வந்தார். சேட்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பேச்சு மறுபடி எங்கேயோ போய்விட்டிருந்தது, இருந்தாலும் தேடிப்பிடித்துக் கேட்டான்.

"மிஸ், அந்தப் போளம்னா இன்னா மிஸ்?"

"அது ஒரு மரத்துப் பிசின், கவின் அப்பா. வாசனையா இருக்கும். அந்தக் காலத்துல செத்தவங்க உடம்புல பூசி அடக்கம் பண்ணுவாங்க."

சேட்டு அதிர்ந்துபோனான். "கொயந்த பொறந்த வூட்டுக்கா மிஸ்?"

"அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு" என்று மிஸ் ஆரம்பித்தார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"நல்லவேள, எனக்குத் தெரியாமப் போச்சு" என்றான் சேட்டு.

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "அவன் பேசினத மதர் கேட்டுட்டாங்க. ஜூன்ல ஒண்ணாங்கிளாசுக்குப் போகலாம்னுட்டாங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க, ஆரம்பிச்சா எப்படி நிறுத்துவீங்க அவன?"

"அது எங்களுக்கும் தெர்ல மிஸ்" என்றாள் கீர்த்தி.

வண்டியில் திரும்பினார்கள். பெட்ரோல் டேங்க் மேல் கவின், நடுவில் யாழினி, கடைசியில் கீர்த்தி. ஊரைத் தாண்டும்வரை கீர்த்தியும் யாழினியும் பேசிக்கொண்டு வந்தார்கள். ஏரிக்கரை ஏறும்போதுதான் சேட்டு கவனித்தான். கவினிடமிருந்து சத்தமே இல்லை.

"கவினு?"

பதில் இல்லை.

"டேய், கவினு."

சேட்டு பிரேக் போட்டு வண்டியை ஓரங்கட்டினான். அத்தனை பேர் சிரித்தது இப்போதுதான் பிள்ளைக்கு உறைத்திருக்குமோ? தான் கத்தியது அவமானமாகிவிட்டதோ? கத்தாமல் இருந்திருக்கலாமோ? குனிந்து மகனின் முகத்தைத் திருப்பினான்.

கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. மேலங்கிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த கடைசிப் போளியின் பாதி அவன் கையில் இருந்தது.

"முயுங்கட்டும் விடு மாமா" என்றாள் கீர்த்தி.

சேட்டு காத்திருந்தான். கவின் நிதானமாக மென்று விழுங்கி, கூறைப்புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"நைனா, போளம்னா இன்னா?"

சேட்டு வண்டியை நிமிர்த்தினான்.

"அதுவும் போளிதான்டா" என்று சொல்லி வண்டியை உதைத்தான். "அவங்க அப்பிடிச் சொல்லுவாங்க."